பொந்துக்குள் ஒரு வேலைநிறுத்தம்

மலைக்காட்டில் ஓர் உயர்ந்த மரம். அதன் பொந்தில் மாரி என்ற பெண் இருவாச்சிப் பறவை குஞ்சு பொரித்திருந்தாள். அவள் கணவன் பெயர் செங்கோடன். குஞ்சு வளரும்வரை தாய் பொந்தின் வாயைச் சேற்றால் அடைத்துக்கொண்டு உள்ளேயே இருப்பது இருவாச்சிகளின் வழக்கம். அலகு நுழைய ஓர் இடுக்கு மட்டும் இருக்கும். அதன் வழியே ஆண் பழம் கொடுப்பான்.

செங்கோடன் பறவைகளின் தலைவன். பெரிய அத்திமரத்தைக் குரங்குகள் வளைத்துப் போட்டிருந்தன. "அலகுள்ள எல்லாருக்கும் பழம் உண்டு!" என்று பறவைகளைத் திரட்டிப் போராடிக்கொண்டிருந்தான். கூட்டங்களுக்கு நடுவே ஓடிவந்து, இடுக்கில் பழத்தைத் திணித்துவிட்டுப் பறந்துவிடுவான். ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை என்று அவனுக்குப் பெருமை.

ஒரு நாள் காலை, திணித்த பழம் வெளியே வந்து விழுந்தது. இன்னொன்றைத் திணித்தான். அதுவும் விழுந்தது.

"என்ன மாரி, அழுகலா?"

"நல்ல பழம்தான். எனக்கு வேண்டாம்."

"நீ பட்டினி கிடந்தா குஞ்சு என்னாகும்?"

"சுவரை உடைச்சு வெளியே வரப்போறேன். எங்களுக்கு வேண்டியதை நானே தேடிக்கறேன்."

உள்ளே டொக், டொக் என்று சத்தம் கேட்டது. சேற்றில் விரிசல் ஓடியது. சுவர் இடிந்தால், சிறகு முளைக்காத குஞ்சை மரநாய் தூக்கிப் போய்விடும். அது தெரிந்தும் செங்கோடன் வீம்பை விடவில்லை.

"என்கிட்டயே வேலைநிறுத்தமா? குரங்குப் படைக்கே பணியாதவன் நான்."

"குரங்குங்ககிட்ட தினமும் அரைநாள் பேசறே. என்கிட்ட பேசி எத்தனை நாளாச்சு?"

பறவைகளுக்கு நாலு பழத்தை வீசிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குரங்குத் தலைவனைச் செங்கோடன் எத்தனை கூட்டத்தில் ஏசியிருக்கிறான்! தானும் அதையேதான் செய்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது.

"சரி, கோரிக்கையைச் சொல்லு" என்றான் தணிந்த குரலில்.

"உள்ளே இருட்டுய்யா. வெளியே மழையா வெயிலான்னுகூடத் தெரியல. பழம் கொடுக்கும்போது கொஞ்சம் நில்லு. முகத்தைக் காட்டு. குஞ்சு என்ன பண்ணுதுன்னு கேளு."

அப்போது ஒரு மைனா பறந்து வந்தது. "தலைவரே, குரங்குத் தலைவன் பேச்சுவார்த்தைக்கு வந்துட்டான். எல்லாரும் உங்களுக்காகக் காத்திருக்காங்க."

"காத்திருக்கட்டும்" என்றான் செங்கோடன். மைனாவால் தன் காதையே நம்ப முடியவில்லை.

அவன் இடுக்கில் கண்ணை வைத்தான். "வெயில்தான் மாரி. ஓடைக்கரை இலவமரம் செக்கச்செவேல்னு பூத்திருக்கு. அணில் பொண்டாட்டி உன்னை விசாரிச்சா. குஞ்சு கண்ணைத் திறந்துச்சா?"

"நேத்தே திறந்துடுச்சு. உன்னை மாதிரியே முறைக்குது."

செங்கோடன் சிரித்தான். உள்ளேயும் சிரிப்புக் கேட்டது. தட்டும் சத்தம் நின்றது. விரிசலில் மாரி சேறு பூசத் தொடங்கினாள். அவன் புதிதாக ஒரு பழம் பறித்து வந்து நீட்டினான். அவள் பழத்தோடு அவன் அலகு நுனியையும் சற்று நேரம் பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து பறவைகளின் கூட்டம் கொஞ்சம் தாமதமாகவே தொடங்கியது.

வேளை தவறாமல் பசியாற்றுவது மட்டும் இல்லறம் அல்ல, முகம் பார்த்து அன்றாடம் பேசும் இரண்டு வார்த்தைகளே அதை இனிக்கச் செய்யும்.