தொட்டித் தண்ணீர்

"ஆத்துத் தண்ணிக்கு அண்ணன் தம்பி கிடையாது. ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு பெரியவர் என்ன சொன்னார் என்பது அம்பலவாணனுக்கு நினைவுக்கு வரவில்லை. வெற்றி விழா மேடை. கட்சியிலேயே மூத்தவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் கீழே கட்சி ஆட்கள் வேட்டுப் போட்டுவிட்டார்கள்.

"மீதி என்னவா இருக்கும்மா?"

தையல்நாயகி அம்மை நிமிரவில்லை. பழைய இரும்பு நாற்காலி ஒன்றுக்குப் பச்சை வயர் பின்னிக்கொண்டிருந்தார்.

"வேட்டுப் போட்டவங்களைக் கேளுங்க."

அம்பலவாணன் அமைச்சராகி மாதம் ஒன்று முடியவில்லை. புது அரசு. வேளாண்மையும் பாசனமும் அவரிடம். உட்கார இடம் தேடினார்.

"நாற்காலி இன்னும் ஆகலை. தரையில உட்காருங்க, மந்திரி."

உட்கார்ந்தார்.

உதவியாளர் லூர்து அவசரமாகக் கைக்குட்டையை எடுத்து விரிக்கப் போனார். அமைச்சர் முறைத்தார். லூர்து அதே கைக்குட்டையால் தன் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தூண் பக்கம் ஒதுங்கினார். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். போன ஆட்சியிலும் இதே துறையில், இதே அறை வாசலில் இருந்தவர். முறைப்புகளைப் பார்த்துப் பழகியவர்.

ஊர்க்காரர்கள் அதை மடம் என்பார்கள். ஆற்றங்கரை மேட்டில் இரண்டு ஓட்டுக் கட்டிடம், ஒரு அடுப்படி, ஒரு கிணறு. அம்மைக்குக் காவி கிடையாது. சொற்பொழிவு கிடையாது. அம்பலவாணனைவிட வயதில் இளையவர். ஆனாலும் முதல் தேர்தலில் தோற்றுவிட்டு வந்த நாளிலிருந்து, அவர் முன்னால் இவருக்குக் குரல் ஒரு படி இறங்கித்தான் வரும். இடையில் சில வருடங்கள் வரமுடியாமல் போயிருந்தது.

"முதல் நூறு நாளுக்கு என்ன செய்யப்போறோம்னு ஒரு திட்டம் போட்டிருக்கோம்மா."

"சொல்லுங்க."

"விதைநெல் விதைப்புக்கு முன்னாடி வந்துடும். கொள்முதல் நிலையத்துல நெல்லு நனையாது, கூரை போடுறோம். மூட்டைக்கு இவ்வளவுன்னு யாரும் கை நீட்டக் கூடாது. காப்பீட்டுப் பணம் அடுத்த சாகுபடிக்கு முன்னாடி கைக்கு வரணும். விவசாயி மனுக் கொடுத்தா பதில் வரணும். வரலேன்னா ஏன் வரலேன்னு அதிகாரி பதில் சொல்லணும்."

"நல்லா இருக்கே."

"நல்லாதான் இருக்கு."

"அப்புறம் முகம் ஏன் அரைவேக்காட்டுச் சோறு மாதிரி இருக்கு?"

அம்பலவாணன் வேட்டி நுனியைத் திருகினார்.

"எல்லாத்துக்கும் முதல்ல ஒண்ணு வச்சிருக்காங்க. வாய்க்கால் குழுவைக் கலைக்கிறது."

வாய்க்கால் குழுக்களை ஏற்படுத்தியவர் உத்திராபதி. போன ஆட்சியின் பாசன அமைச்சர். இந்தத் தேர்தலில் தோற்றுப்போனவர். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் அந்தந்த விவசாயிகளே தேர்ந்தெடுத்த ஒரு குழு. அதில் ஒரே ஒரு விதி: தலைவர் கடைமடைக்காரராக இருக்க வேண்டும். வாய்க்காலின் கடைசியில் நிலம் உள்ளவர். மதகுச் சாவி அவரிடம் இருக்கும். அவர் வயலுக்குத் தண்ணீர் வரவேண்டுமென்றால் வழியில் உள்ள அத்தனை வயலையும் நனைத்துக்கொண்டுதான் வந்தாக வேண்டும்.

"விதி சரியாத்தானே இருக்கு?"

"சரியா இருக்கு. அதாம்மா வம்பே."

"புரியலை."

"ஆட்சி மாறினா குழுவைக் கலைக்கிறது வழக்கம். கூட்டுறவுச் சங்கம், கோயில் கமிட்டி, எல்லாத்தையும். அவங்க வந்தப்போ நம்மளைக் கலைச்சாங்க. நம்ம ஆளுங்க அஞ்சு வருஷம் வெயில்ல நின்னிருக்காங்க. இப்ப வீட்டு வாசல்ல மாலையோட நிக்கிறாங்க. என்ன சொல்லி அனுப்புறது?"

"தண்ணி எப்பத் திறக்கிறீங்க?"

"வர்ற வெள்ளிக்கிழமை."

"புதுக் குழு எப்ப வரும்?"

"தேர்தல் வைக்கணும். தை ஆயிடும்."

"தையில அறுப்பு."

"ஆமாம்மா."

"அதுவரைக்கும் சாவி?"

"அதிகாரிங்க பார்த்துக்கிறோம்னு சொல்றாங்க."

"அவங்களுக்கு வயல் எந்த மடையில இருக்கு?"

தூணருகே ஒரு சிரிப்பு வெளிப்பட்டு உடனே இருமலாக மாறியது. அமைச்சர் திரும்பிப் பார்த்தார். லூர்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க ஊரு கடைமடைதானே?" என்றார் அம்மை.

"கடைசி மடை. எங்க வயலைத் தாண்டினா உப்பளம்தான்."

"போன வருஷம் தண்ணி வந்துச்சா?"

அம்பலவாணன் உள்ளங்கையால் தரையைத் தடவினார்.

"ஆடி பிறக்கிறதுக்கு முன்னாடியே வந்துச்சும்மா. நான் பார்த்து அப்படி வந்ததே இல்லை. என் தங்கச்சி வாய்க்கால்ல இறங்கி நின்னுக்கிட்டு போன் பண்ணினா. ஒரு வார்த்தை பேசலை. போனைத் தண்ணிக்கிட்ட வச்சு, சத்தத்தை மட்டும் கேக்க விட்டா."

"அப்ப உத்திராபதிகிட்ட என்ன சொன்னீங்க?"

"நான் எதிர்க்கட்சிம்மா."

"அதனால?"

"'காலம் கடந்த தண்ணீர், கண்துடைப்பு அரசு'ன்னு அறிக்கை விட்டேன்."

"மோனை நல்லா விழுந்திருக்கு."

அம்பலவாணன் தலைகுனிந்துகொண்டார்.

"சாயங்காலம் அமைச்சரவை. அதுக்குள்ள கையெழுத்துப் போடணும். போட்டா என் ஊரு வாய்க்காலே காயும். போடலேன்னா, வந்த வேகத்துல விலை போயிட்டான்னு என் கட்சிக்காரனே சொல்வான். நான் என்னம்மா செய்யட்டும்?"

அம்மை வயரை இழுத்து முடிச்சிட்டார். மிச்சத்தைப் பல்லால் கடித்துத் துண்டித்தார்.

"வெயில்ல வந்திருக்கீங்க. குளிச்சிட்டு வாங்க, சாப்பிடலாம்."

---

கிணற்றடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி. விளிம்பு தட்டத் தண்ணீர். மேலே நாலைந்து வேப்பம்பூ. செத்த எறும்பு ஒன்று.

அம்பலவாணன் விரலை விட்டுப் பார்த்தார்.

"எப்ப ரொப்பின தண்ணியோ."

"யாரு ரொப்பினதோ, சார்" என்றார் லூர்து.

"திறந்து விடுங்க. புதுசா இறைச்சுக்கலாம்."

தொட்டியின் அடியில் துணி சுற்றிய கட்டை ஒன்று அடைத்திருந்தது. லூர்து அதைப் பிடுங்கினார். தண்ணீர் குபுகுபுவென்று ஓடிக் கத்திரிப் பாத்திக்குள் இறங்கியது.

லூர்து மோட்டார் சுவிட்சைத் தேடினார். சுவிட்ச் இருந்தது. மோட்டார் இல்லை. அது இருந்த இடத்தில் நான்கு போல்டு மட்டும் துருப்பிடித்து நின்றன. கிணற்றின் மேல் ஒரு உருளை, கயிறு, தகர வாளி.

லூர்து சட்டைக் கையை மடித்தார்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"லூர்து அண்ணே, இங்க வாங்க. அப்பளம் பொரிக்க ஆளில்லை."

லூர்து அமைச்சரைப் பார்த்தார்.

"போங்க" என்றார் அமைச்சர். "நான் என்ன, தண்ணி இறைக்காதவனா?"

இறைத்தவர்தான். உடம்புக்கு நினைவிருந்தது. உள்ளங்கை மறந்துவிட்டிருந்தது. கோடைக் கிணறு, வாளி போய்க்கொண்டே இருந்தது. மேலே வரும்போது ஆட்டத்தில் கால்பங்கு சிந்தியது. ஊற்றினார். இறைத்தார். ஊற்றினார். தொட்டி ஏறவே இல்லை.

எட்டிப் பார்த்தார். கட்டையைத் திரும்ப அடைக்கவில்லை. இவ்வளவு நேரம் கத்திரிச் செடிக்குத்தான் இறைத்திருக்கிறார்.

சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை. அடுத்த வாளியை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டார். அதற்கடுத்த வாளியோடு குளியல் முடிந்தது.

---

இலை போட்டிருந்தது. சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, அப்பளம். பாதி அப்பளங்கள் கருகியிருந்தன.

அம்மை அவருடைய கைகளைப் பார்த்தார். சிவந்து கன்றியிருந்தன.

"தொட்டியில தண்ணி இருந்திருக்குமே?"

"இருந்துச்சும்மா. பழைய தண்ணின்னு திறந்து விட்டுட்டேன்."

"ஓ."

குழம்பு ஊற்றினார்.

"மோட்டார் எரிஞ்சு போனதிலேர்ந்து இங்க ஒரு பழக்கம் வந்துடுச்சு. குளிக்க வர்றவங்க இருக்கிற தண்ணியில குளிப்பாங்க. குளிச்சிட்டு, அடுத்து வர்றவங்களுக்கு நிரப்பி வச்சிட்டுக் கிளம்புவாங்க. நான் யாருக்கும் சொல்லலை. அவங்களாவே செஞ்சுக்கிட்டது."

"அடடா. தெரியாமப் போச்சு."

"தெரியாதுதான்."

"சாப்பிட்டதும் நிரப்பிடறேன்."

"நிரப்புங்க."

ஒரு கவளம் எடுத்தார். நிறுத்தினார்.

"நான் கொட்டினது யாரும்மா நிரப்பினது?"

"உத்திராபதி."

எதிர் இலையில் லூர்து அப்பளம் நொறுக்கும் சத்தம் நின்றது.

"இங்க வந்தாரா?"

"ஓட்டு எண்ணின மறுநாளே வந்தார். ஒண்ணும் கேக்கலை. நானும் ஒண்ணும் சொல்லலை. தங்கியிருந்தார். இன்னிக்குக் காலையிலதான் கிளம்பினார். கிளம்பறப்போ இறைச்சார். முதுகுல கோளாறு அவருக்கு, நிமிர்ந்து நிக்க முடியாது. 'பாதி போதும், விடுங்க'ன்னு சொல்லிப் பார்த்தேன்."

"கேக்கலையா?"

"'வர்றவரு அலுப்போட வருவாரு'ன்னார்."

அம்பலவாணன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"வர்றது யாருன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்காது இல்லையா?"

"லூர்து அண்ணன் நேத்தே போன் பண்ணியிருந்தாரே. சொன்னேன்."

"என்னன்னு?"

"அம்பலவாணன் வர்றார்னு."

"அதுக்கு என்ன சொன்னார்?"

அம்மை மோர்ச் சட்டியை எடுத்தார். இலையில் பள்ளம் செய்துகொள்ளும்படி சைகை காட்டினார். ஊற்றினார்.

"ஒண்ணும் சொல்லலை. இன்னும் ரெண்டு வாளி ஊத்தினார்."

---

சாப்பிட்டு முடிந்ததும் அம்பலவாணன் கிணற்றடிக்குப் போனார். கட்டைக்குத் துணியை இறுக்கிச் சுற்றி, அடித்து அடைத்தார். சட்டையைக் கழற்றி மாட்டினார். இறைக்க ஆரம்பித்தார்.

லூர்து வந்து நின்றார்.

"சார், நான் கொஞ்சம்..."

"வேண்டாம்."

"சார், அமைச்சரவை."

"தெரியும்."

வாளி போயிற்று. வந்தது. கயிற்றில் லேசாகச் சிவப்புப் படிந்தது. லூர்து கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். விளிம்பு தட்டியதும், "போதும் சார், வழியுது" என்றார்.

அம்பலவாணன் இன்னொரு வாளி ஊற்றினார். வழிந்தது.

விடைபெறப் போனபோது அம்மை நாற்காலியின் அடுத்த பக்கத்தைப் பின்னத் தொடங்கியிருந்தார். இவர் தரையில் விழுந்து வணங்கினார். எழ நேரமாயிற்று.

"என்ன, முதுகா?" என்றார் அம்மை.

"ஆமாம்மா."

"பிடிச்சுக்கிட்டா விடாது. வெந்நீர் ஒத்தடம் கொடுங்க."

---

கார் ஆற்றுப் பாலம் ஏறியதும் அமைச்சர் கேட்டார்.

"லூர்து, அவரு நம்பர் இருக்குமா?"

யார் என்று லூர்து கேட்கவில்லை. தேடவும் இல்லை. விரல் தானாக அழுத்தியது. மணி போனது.

"அண்ணே, அம்பலவாணன் பேசறேன்."

அந்தப் பக்கம் பஸ் இரைச்சல்.

"சொல்லுங்க, அமைச்சரே."

"போன வருஷம் எங்க ஊருக்குத் தண்ணி வந்துச்சுண்ணே. ஆடிக்கு முன்னாடியே வந்துச்சு. கடைசி வயல் வரைக்கும்."

"அப்படியா? காலம் கடந்து வந்ததாத்தானே படிச்சேன்?"

அம்பலவாணன் கண்களை மூடிக்கொண்டார்.

"வந்ததுண்ணே. சரியான காலத்துல வந்தது. ரொம்ப நன்றி. என் தங்கச்சி சார்பா, ஊரு சார்பா. இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு நாளாச்சு."

அந்தப் பக்கம் கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் கிளம்பியது.

"குளிச்சீங்களா? தண்ணி குளுகுளுன்னு இருந்துச்சா?"

"அது..." அம்பலவாணன் லூர்துவைப் பார்த்தார். லூர்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பழைய தண்ணின்னு திறந்து விட்டுட்டேண்ணே. எல்லாம் கத்திரிக்காய்க்குப் போயிடுச்சு."

பஸ் இரைச்சலையும் மீறி ஒரு சிரிப்பு வெடித்தது. நெடுநேரம் நிற்காத சிரிப்பு.

"போகட்டும், போகட்டும். அதுவும் விவசாயம்தானே அமைச்சரே."

அன்று மாலை அமைச்சரவையில், வாய்க்கால் குழுக்கள் அவற்றின் தலைவர்களோடு பதவிக்காலம் முடியும்வரை அப்படியே தொடரும் என்று அம்பலவாணன் அறிவித்தார்.