பூட்டிய வீட்டில் மூன்று விசில்

வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் கிளம்பணும் என்பார் சென்னியப்பனின் பெரியப்பா. யாரிடம் சொல்லணும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்வார். அடுப்பிடமா, நிலைப்படியிடமா, வேறு எதனிடமோ. அந்தப் பாதி சென்னியப்பனுக்கு நினைவில் நிற்கவில்லை. சொல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதும் மறந்துவிட்டது.

பொள்ளாச்சியிலிருந்த தன் வீட்டை விட்டு அவர் யாரிடமும் சொல்லாமல்தான் வெளியேறினார். தென்னை நார் மில்லுக்காக வீட்டின் பேரில் வாங்கிய கடன் மில்லோடு மூழ்கிப்போக, வங்கிக்காரர்கள் வந்து கதவைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. மனைவி மரகதத்தோடு ஊரின் மறுகோடியில் ஓர் ஒற்றை அறைக்குக் குடிபோனார். மரகதம் மதியச் சாப்பாடு சமைத்தாள். சென்னியப்பன் டிபன் கேரியர்களை மொபெட்டில் கட்டிக்கொண்டு கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். "மொதலாளி" என்று கும்பிட்டவர்கள் "சாப்பாட்டுக்காரரே, இன்னிக்கு என்ன பொரியல்?" என்று கேட்டார்கள். பதில் சொல்லப் பழகிக்கொண்டார்.

வீடு ஏலத்துக்கு வந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. காரணம், பூட்டிய வீட்டுக்குள் குக்கர் விசில் கேட்டது.

மின்சாரத்தைத் துண்டித்தாயிற்று. கேஸ் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. சன்னல்களெல்லாம் உள்தாழ்ப்பாள். ஆனாலும் உச்சிவேளையில் சமையலறைப் பக்கமிருந்து மூன்று விசில் வரும். வீடு பார்க்க வந்த ஒரு மர வியாபாரி முதல் விசிலுக்குச் சிரித்தார். இரண்டாவதுக்குத் தரகரின் முகத்தைப் பார்த்தார். மூன்றாவது அடங்குவதற்குள் காரில் ஏறிவிட்டார். எதிர் டீக்கடைக்காரர் பின்னாலேயே கூவினார்: "ஏனுங்க ஓடறீங்க? சோறு வெந்துருச்சு, உக்காந்து சாப்புட்டுப் போட்டுப் போங்க!" ஆனால் உச்சிவேளை நெருங்கினால் அவரும் அந்தப் பக்கத்துத் தட்டியை இறக்கிவிடுவார்.

சென்னியப்பன் இதையெல்லாம் நம்பவில்லை. ஒரு நாள் கேரியரோடு அந்தத் தெரு வழியாகப் போக நேர்ந்தது. வீட்டு முன்னால் மொபெட்டை நிறுத்தினார். வெயிலில் தெரு ஓய்ந்து கிடந்தது. முத்திரை வைத்த கதவுக்கு அப்பால் விசில் அடித்தது. முதல் இரண்டும் நீளம். மூன்றாவது பாதியில் அறுந்தது. மூன்றாவது விசில் கிளம்பும்போதே அடுப்பை அணைத்துவிடுவது மரகதத்தின் வழக்கம். அது அவர் வீட்டுக் குக்கரேதான். அந்தக் குக்கரோ ஊரின் மறுகோடியில், ஒற்றை அறையில் இருந்தது.

பின்பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தார். புகை போகச் சமையலறைச் சுவரில் விட்டிருந்த ஓட்டையில் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. அலகைத் திறந்தது, விசில் வந்தது. மழையில் விழுந்த குஞ்சாக மரகதம் எடுத்து வளர்த்த மைனா அது. மூன்றாவது விசில் அடங்கினால் அதற்கு ஒரு பிடி சோறு கிடைக்கும். இப்போது விசிலைத் தானே அடித்துவிட்டு, இருண்ட சமையலறைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பேயைக் கண்டிருந்தால்கூடச் சென்னியப்பன் அவ்வளவு நடுங்கியிருக்க மாட்டார்.

மரகதத்திடம் சொன்னார். "யார்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க" என்றாள் அவள். "ரெண்டு ஏலம் கெட்டுப்போச்சு. வெலைய எறக்கிட்டே வர்றாங்க. மூணாவதும் கெட்டுதுன்னா எங்கண்ணன் பேருல நாமளே எடுத்துக்கலாம். சீட்டுப் பணம் இருக்குது. என்ற நகையப் போட்டு வாங்குன மண்ணுங்க அது. இந்த வயசுல இன்னொரு வீடு நம்மளால ஆகுங்களா? சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுங்க."

"சொல்ல மாட்டேன்" என்றார் சென்னியப்பன்.

அந்தக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் மாசிலாமணி. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சின்ன வயதுச் சிநேகிதர். வீடு குறைந்த விலைக்குப் போனால் மீதிக் கடனுக்கு அவர் வீட்டை எடுப்போம் என்று வங்கி அவருக்கு நோட்டீஸ் அனுப்பியது. நகல் சென்னியப்பனுக்கும் வந்தது. மறுநாள் மாசிலாமணி வழக்கம்போலச் சாப்பிட வந்தார்.

"விசிலடிக்கறது உங்கப்பனாத்தான்டா இருக்கும்" என்றார். "மனுசன் கடைசி வரைக்கும் பசி பசின்னுதான கெடந்தாரு? கறியாக்கி ஒரு படையலப் போடு. மிச்சத்துக்கு நான் வந்தர்றேன்."

நோட்டீஸைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மரகதம் அவர் முகத்தைப் பார்க்காமல் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

மூன்றாவது ஏலம் நெருங்கியபோது கலாவதி என்ற நர்ஸ் சென்னியப்பனைத் தேடி வந்தார். குடியிருக்கும் வீட்டை உடனே காலிசெய்ய வேண்டிய நெருக்கடி அவருக்கு. ஏலம்வரை காத்திராமல், முதல் ஏலத்தில் வைத்த விலைக்கே வீட்டை எடுத்துக்கொள்ள வங்கியிடம் பேசியிருந்தார். அந்த விலைக்குப் போனால் கடன் முழுக்க அடைந்துவிடும். மரகதம் சந்தைக்குப் போயிருந்தாள்.

"ஏனுங்ணா, நான் பொணத்தையெல்லாம் பாத்தவ, எனக்குப் பயமில்லீங்க. ஆனா கொழந்தைங்க இருக்குது. நீங்க இருந்த வீடு. உள்ள என்னதாங்ணா இருக்குது? நீங்க சொன்னா நம்பறனுங்க."

வாய் திறக்காமல் நின்றாலே போதும், கலாவதி போய்விடுவார். வீடு மரகதத்தின் கைக்கு வந்துவிடும், மாசிலாமணி தெருவுக்கு வந்துவிடுவார். வாயைத் திறந்தால் மாசிலாமணி தப்பிப்பார். மரகதத்துக்கு இந்தப் பிறவியில் சொந்த வீடு இல்லை, கட்டியவன் கொடுத்த வாக்கும் இல்லை.

இவ்வளவு தூரம் கேட்டவர்கள் இப்போது சொல்லுங்கள். சென்னியப்பன் எதைக் காப்பாற்றுவது சரி: மனைவிக்குக் கொடுத்த வாக்கையா, தனக்காகக் கையெழுத்துப் போட்டவனின் வீட்டையா?

சென்னியப்பன் கலாவதியிடம் மைனாவைப் பற்றிச் சொன்னார். மரகதம் சந்தையிலிருந்து திரும்பும்வரை வாசலிலேயே நின்றார். அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, வாக்கை மீறிவிட்டதை முதல் பேச்சாக அவளிடம் சொன்னார்.