நீச்சலைத் தள்ளிப்போட்ட நரி

நாணல் அடர்ந்த ஏரிக்கரைக் காட்டில் சிங்காரம் என்றொரு நரி இருந்தது. அதற்கு ஓடுவதென்றால் உயிர். இரைக்காக ஓடவில்லை, எதிரிக்குப் பயந்தும் ஓடவில்லை. காலையில் எழுந்து புல்வெளியை ஒரு சுற்று சுற்றி வந்தால்தான் அதற்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும். ஓடி முடித்ததும், அன்றைக்கு மூச்சு எப்படி இருந்தது, கால் எப்படி ஒத்துழைத்தது என்று எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் விவரமாகச் சொல்லும். அதனால் காட்டுப் பிராணிகள் பல அந்த நேரத்தில் வேறு பாதையில் போகப் பழகியிருந்தன.

அந்தக் காட்டில் மழைக்காலம் முடிந்ததும் முப்பந்தயம் நடக்கும். முதலில் ஏரியை நீந்திக் கடக்க வேண்டும். அக்கரையில் இருக்கும் கரடிப்பாறையின் உச்சிவரை ஏறி இறங்க வேண்டும். பிறகு ஏரியைச் சுற்றிப் புல்வெளி வழியாக ஓடி, புறப்பட்ட கரைக்கே வந்து சேர வேண்டும்.

போன வருஷம் மொட்டையன் என்ற காட்டுப்பன்றி அந்தப் பந்தயத்தை முடித்திருந்தது. கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது. ஆனால் முதலில் வந்தவர்கள்கூட மறந்துவிட்ட பிறகும் மொட்டையன் மட்டும் அந்தக் கதையை விடவில்லை. ஒரு நாள் ஆலமர நிழலில் எல்லோரும் கூடியிருந்தபோது சிங்காரம் தன் ஓட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தது. மொட்டையன் பெரிதாகக் கொட்டாவி விட்டது.

“ஓடுறது எல்லாரும்தான் ஓடுறோம். தண்ணியில இறங்கிட்டு வந்து பேசு,” என்றது.

சிங்காரத்துக்குச் சுருக்கென்றது. “இந்த வருஷம் நானும் இறங்குறேன்,” என்று சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் தனக்கு நீச்சல் தெரியாது என்பது ஞாபகம் வந்தது. அதற்குள் கிளையிலிருந்த காக்கை பறந்து போய்ச் சேதியைக் காடு முழுக்கப் பரப்பிவிட்டது.

சிங்காரத்தின் மனைவி வடிவு இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டது. முதல் வேலையாக நீச்சல் கற்றுக்கொள்ளச் சொன்னது. ஏரியின் ஆழமில்லாத பக்கத்தில் குமிழி என்ற நீர்நாய் தன் குட்டிகளுக்கு நீச்சல் பழக்கிக்கொண்டிருந்தது. வடிவே போய் அதனிடம் பேசி ஏற்பாடு செய்துவிட்டும் வந்தது.

மறுநாள் சிங்காரம் மார்பை நிமிர்த்திக்கொண்டு ஏரிக்குப் போனது. அங்கே நீர்நாய்க் குட்டிகள் வரிசையில் நின்றன. குமிழி அதை வரிசையின் கடைசியில் நிற்கச் சொன்னது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை விட வேண்டும், அதுதான் முதல் பாடம். குட்டிகள் ஒவ்வொன்றாக நீர்க்குமிழி விட்டுக் காட்டின. சிங்காரம் மீசை நனையும்வரை முகத்தை இறக்கியது. மூக்கில் தண்ணீர் ஏறியது. கரையிலே துள்ளி விழுந்து, ஓயாமல் தும்மியது. குட்டிகள் சிரித்த சிரிப்பில் ஒன்றுக்குப் புரையேறிவிட்டது.

தனக்கு ஜலதோஷம் பிடித்திருப்பதாகவும் நாளைக்கு வருவதாகவும் சொல்லிவிட்டு சிங்காரம் கிளம்பியது. அந்த ‘நாளை’ வரவே இல்லை. ஒரு நாள் தண்ணீர் ரொம்பச் சில்லென்று இருந்தது. ஒரு நாள் காது வலித்தது. இன்னொரு நாள் எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் ஏரி கலங்கலாகத் தெரிந்தது.

நீச்சலை விட்டதற்கு ஈடாக ஓட்டத்தைக் கூட்டியது. புல்வெளியை ஒரு சுற்று சுற்றிய நரி இப்போது மூன்று சுற்று சுற்றியது. கரடிப்பாறையில்கூட இரண்டு தடவை ஏறிப் பார்த்தது. மாலையில் கால்களை நீட்டிப் படுத்துக்கொண்டு, பயிற்சி கடுமையாகப் போகிறது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமூச்சு விட்டது.

வடிவு அதன் உடம்பை ஒருமுறை முகர்ந்து பார்த்தது. ரோமம் நனைந்த வாசனையே இல்லை.

“ஏங்க, ஓடத்தான் உங்களுக்கு ஏற்கெனவே தெரியுமே. ஏரிக்கு எப்போ போவீங்க?” என்று கேட்டது.

உடம்பில் தெம்பு ஏறிவிட்டால் நீச்சல் தானாக வரும் என்று சிங்காரம் விளக்கியது. வடிவு நம்பவில்லை. ஆனாலும் சண்டைக்குப் போகவில்லை.

பந்தய நாள் நெருங்கியது. விலகிக்கொண்டால் மொட்டையன் ஆயுசுக்கும் விடாது. இறங்கினால் ஏரி விடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைத் தேடி அலைந்தபோதுதான் சாந்தாயி என்ற எருமை அதன் கண்ணில் பட்டது. சாந்தாயி தினமும் காலையில் ஏரியைக் கடந்து அக்கரைக்கு மேயப் போகும். யார் எதைக் கேட்டாலும் மாட்டேன் என்று சொன்னதே கிடையாது.

சிங்காரம் அதனிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தது. பந்தயத்தன்று வாலைப் பிடித்துக்கொள்ளவிட்டால் போதும், பதிலுக்கு யாருக்கும் தெரியாத அறுகம்புல் மேடு ஒன்றைக் காட்டுகிறேன் என்றது.

“தாராளமா பிடிச்சுக்கோ தம்பி. நடுவுல கொஞ்ச நேரம் உட்காருவேன், பரவாயில்லையா?” என்றது சாந்தாயி.

கொஞ்ச நேரம்தானே என்று சிங்காரம் ஒத்துக்கொண்டது. எருமைக்குக் கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு நேரம் என்று அது கேட்கவில்லை.

பந்தய நாள் வந்தது. நடுவராக இருந்த பெரியநாயகி யானை பிளிறியதும் எல்லாப் பிராணிகளும் தடதடவென்று தண்ணீரில் குதித்தன. அந்தக் களேபரத்தில் சிங்காரம் நாணலுக்குள் நழுவி, சாந்தாயியின் வாலைப் பல்லால் கவ்விக்கொண்டது. எருமை சாவகாசமாக நீந்தியது. நரி மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு பின்னால் மிதந்து போனது. இவ்வளவு சுலபமான விஷயத்துக்கா இத்தனை நாள் பயந்தோம் என்றுகூட நினைத்தது.

ஏரியின் நடுவில் தாமரை மண்டிய மேடு ஒன்று உண்டு. அங்கே வந்ததும் சாந்தாயி “அப்பாடா” என்று சேற்றில் உட்கார்ந்தது. கொம்பும் காதும் மூக்கும் முதுகில் ஒரு திட்டும்தான் வெளியே தெரிந்தன. சிங்காரம் அவசரமாக முதுகில் ஏறிக்கொண்டது. மற்றவர்கள் இரண்டு பக்கமும் நீந்திப் போனார்கள். தாமரை இலைகள் மறைத்ததால் யாரும் அதைப் பார்க்கவில்லை.

சற்றுப் பொறுத்து, போகலாமா என்று சிங்காரம் கேட்டது.

“இப்பத்தானே உட்கார்ந்தேன்,” என்றது எருமை.

இன்னும் சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டது. சாந்தாயி அசைபோட்டபடியே பாதித் தூக்கத்துக்குப் போயிருந்தது. சிங்காரம் கெஞ்சியது, முதுகைப் பிறாண்டியது, காதருகே போய் ஊளையிடும் மாதிரி முனகியது. ஈ உட்கார்ந்ததென்று நினைத்து எருமை காதை ஆட்டியது, அவ்வளவுதான்.

தூரத்தில் கரடிப்பாறையில் புள்ளிப் புள்ளியாகப் பிராணிகள் ஏறுவது தெரிந்தது. பிறகு இறங்குவதும் தெரிந்தது. கடைசியில் புறப்பட்ட கரையில் ஆரவாரம் கேட்டது. முதல் பிராணி வந்து சேர்ந்துவிட்டது. சிங்காரம் ஒரு முடிவுக்கு வந்தது. எருமை எழும்வரை இப்படியே பதுங்கிக் கிடப்பது, பிறகு சந்தடியில்லாமல் வீட்டுக்குப் போய், கால் சுளுக்கிவிட்டதென்று சொல்லிவிடுவது.

கரையில் வடிவு காத்துக்கொண்டிருந்தது. ஓட்டத்தில் தன் புருஷனை யாரும் மிஞ்ச முடியாது என்று அதற்குத் தெரியும். மான் வந்தது, முயல் வந்தது, முள்ளம்பன்றிகூட வந்தது. சிங்காரம் வரவில்லை. வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி விசாரித்தது. பாறையில் பார்க்கவில்லை என்றார்கள். அக்கரையில் ஏறியதையும் பார்க்கவில்லை என்றார்கள். எல்லோரும் ஏரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வடிவு ஊளையிட ஆரம்பித்தது. அந்தச் சத்தம் தண்ணீரின் மேல் நீளமாக வந்து சிங்காரத்தின் காதில் விழுந்தது. குமிழி தண்ணீருக்குள் பாய்ந்து ஏரியின் அடியெல்லாம் தேடத் தொடங்கியது. மொட்டையன் அப்போதுதான் ஓட்டத்தை முடித்து மூச்சிரைக்க வந்து நின்றது. சேதி கேட்டதும் மறுபடி ஏரியில் குதித்து, கழுத்தளவு தண்ணீரில் மூக்கால் துழாவியது.

இலைகளுக்குப் பின்னால் இருந்து சிங்காரம் இதையெல்லாம் பார்த்தது. குரல் கொடுத்தால் மானம் போகும். கொடுக்காவிட்டால் வடிவு இப்படியே அழுதுகொண்டிருக்கும். அது கண்ணை மூடிக்கொண்டது. காதை மூட முடியவில்லை. வடிவின் ஊளை ஒரு இடத்தில் உடைந்து நின்று, மறுபடி கிளம்பியது.

அதற்கு மேல் சிங்காரத்தால் தாங்க முடியவில்லை. எருமையின் முதுகில் எழுந்து நின்று, “வடிவு, நான் இங்கதான் இருக்கேன்,” என்று கத்தியது.

கரையில் ஊளை நின்றது. எல்லாத் தலைகளும் தாமரை மேட்டைப் பார்த்தன. முதலில் யாரும் சிரிக்கவில்லை. முயல்தான் ஆரம்பித்தது. அப்புறம் ஏரிக்கரையே குலுங்கியது. வடிவு மட்டும் சிரிக்கவில்லை.

“இருக்கீங்களா? சரி. நீந்தி வந்து சேருங்க,” என்றது.

குமிழி பக்கத்தில் வந்து தலையை நீட்டியது. சாந்தாயி சாயங்காலத்துக்கு முன்னால் எழுந்திருக்காது என்ற சேதியைச் சொன்னது.

“இறங்குங்கண்ணே. ஓடுற மாதிரியே நாலு காலையும் அசைங்க, மூக்கை மட்டும் மேலே வச்சுக்கோங்க. நான் கூடவே வர்றேன்.”

சிங்காரம் இறங்கியது. உடனே மூழ்கியது. மேலே வந்து தண்ணீரைத் துப்பியது. மறுபடி கால்களை உதைத்தது. நீந்தியது என்று சொல்ல முடியாது, தண்ணீரோடு அடிதடி நடத்தியது என்று வேண்டுமானால் சொல்லலாம். குமிழி கைகொடுக்கவில்லை, ஆனால் ஒரு நொடியும் விலகவில்லை. கரை வந்தபோது சிங்காரத்தால் நிற்கக்கூட முடியவில்லை. எருமையின் துணையோடு இறங்கியதால் இந்த வருஷம் உனக்குப் பந்தயம் கிடையாது என்று பெரியநாயகி அறிவித்தது. சிங்காரம் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டது.

வடிவு அதன் காதில் இருந்த தண்ணீரை நக்கித் துடைத்தது. துடைத்து முடித்ததும் அதே காதை நறுக்கென்று ஒரு கடி கடித்தது.

போகும் வழியில் சிங்காரம் மொட்டையனிடம் நின்றது. தனக்காகத் தண்ணீரில் குதித்ததற்கு நன்றி சொல்ல வாயெடுத்தது. தான் குதிக்கவில்லை, கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்துவிட்டதாகச் சொல்லி மொட்டையன் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுநாள் காலையில் புல்வெளியில் சிங்காரத்தைக் காணவில்லை. ஏரியின் ஆழமில்லாத பக்கத்தில், குட்டிகளின் வரிசையில் கடைசியாக நின்றுகொண்டிருந்தது. முதல் மாதம் முழுக்கத் தும்மியது. குட்டிகளும் மாதம் முழுக்கச் சிரித்தன. பிறகு தும்மல் குறைந்தது. குட்டிகளுக்கும் சிரிக்க ஒன்றும் கிடைக்காமல் போனது.

அடுத்த பந்தயத்தில் சிங்காரம் தன் காலாலேயே நீந்தி அக்கரை சேர்ந்தது. தண்ணீரை விட்டு ஏறும்போது அதற்குப் பின்னால் முள்ளம்பன்றி மட்டும்தான் இருந்தது. பாறையில் இரண்டு பேரைத் தாண்டியது. புல்வெளியில் எத்தனை பேரைத் தாண்டியதென்று அதற்கே தெரியாது. ஆறாவதாக வந்து சேர்ந்தது. அன்று மாலை பார்த்தவர்களிடமெல்லாம் அது நீச்சலைப் பற்றி மட்டும்தான் பேசியது.

நமக்கு வருகிறதையே திரும்பத் திரும்பச் செய்வது பயிற்சி ஆகாது. எது வரவில்லையோ, எதற்குப் பயப்படுகிறோமோ, அதைப் பழகுவதுதான் பயிற்சி.