ஈரப் பாய்

"அந்த ஆளு அறையை எனக்குக் குடுங்க சாமி" என்றார் ஆவுடையப்பன்.

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆவுடையப்பனைவிடப் பத்து வயது சிறியவர்.

"உங்க அறைக்கு என்ன?"

"அதுல தூக்கம் வரலை. பக்கத்து அறைல தணிகாசலம் மத்தியானச் சோத்தைத் தின்னதும் குறட்டை விடுதாரு. எனக்குக் காலு ரெண்டும் சும்மா கெடக்க மாட்டேங்கு. மூக்கு ஒழுகுது, வயித்தால போறது நிக்கலை. ஒரே மாத்திரையை விடத்தானே ரெண்டு பேரும் வந்தோம்?"

ஆவுடையப்பன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். இடுப்பு அறுவைக்குப் பின் வலிக்குக் கொடுத்த அபின் வகை மாத்திரை, வலி போன பிறகும் அவரை விடவில்லை. போட்டால் லீவருக்கு முன்னாலேயே கண் சொருகியது. போடாவிட்டால் கை நடுங்கியது. டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஆறு நாள் லீவில் இந்த மலையடிவார மடத்துக்கு வந்திருந்தார்.

இன்று நாலாம் நாள்.

"தணிகாசலத்துக்கு சர்க்கார் உத்தியோகம். தொண்ணூறு நாள் லீவு. நான் திங்கக்கிழமை மேல ஏறணும். பெட்டி தொங்கும்போது கீழ ஆளுங்க நிப்பாங்க. இந்தக் கையைப் பாருங்க சாமி."

குரு பார்த்தார்.

"அவர் அறையைப் பெருக்கினீங்களா?"

ஆவுடையப்பன் ஒரு கீரைத் தண்டை எடுத்து ஆயத் தொடங்கினார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். யாரும் தன் அறையைப் பெருக்கக் கூடாது. பக்கத்து அறையைத்தான் பெருக்க வேண்டும். ஆவுடையப்பன் நாலு நாளாக அந்த அறைப் பக்கமே போகவில்லை. வயிற்றெரிச்சல்தான், வேறென்ன.

குரு துடைப்பத்தை எடுத்து நீட்டினார்.

தணிகாசலம் தூங்கிக்கொண்டிருந்தார். பெருக்குவதற்காக ஆவுடையப்பன் பாயின் ஓரத்தைத் தூக்கியபோது, அடியில் அதே மாத்திரை அட்டை இருந்தது. பாதி காலி.

தணிகாசலம் விழித்துக்கொண்டார். கோபப்படவில்லை.

"வேணும்னா ஒண்ணு எடுத்துக்குங்க."

ஆவுடையப்பனின் கை தானாகவே நீண்டது. மனுஷன்தானே.

"நீங்க இன்னும் விடவே இல்லையா?"

"நாளைக்கு விடணும்."

"வந்து எத்தனை நாளாச்சு?"

"இருபத்தேழு. அதான் நெறைய நாள் இருக்கேன்னு..."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"உங்க பாயைத் தினமும் நான்தானே வெயில்ல போடறேன். ராத்திரி வேர்வைல நனைஞ்சு, பிழிஞ்சா தண்ணி கொட்டும். அதைத் தூக்கறப்பெல்லாம் எனக்கு வயிறு எரியுது சார். நீங்க நாலாவது நாளுக்கு வந்துட்டீங்க. எனக்கு இன்னும் மொத நாளே வரலை."

நீண்ட கை அப்படியே நின்றது. பிறகு துடைப்பத்தைத் தேடிப் பிடித்தது.

மிச்ச அறையையும் பெருக்கிவிட்டு ஆவுடையப்பன் திரும்பினார். குரு கீரையை அலசிக்கொண்டிருந்தார்.

"அறையை மாத்திக்கலாமா?"

"வேண்டாம் சாமி. என் பாய் வெயில்ல கெடக்கு. காஞ்சிருக்கும், எடுக்கணும்."

"திங்கக்கிழமை?"

"கை நிக்கலைன்னா கீழ நிக்கிற வேலை ஏதாவது கேப்பேன்."

குரு அந்தக் கையைப் பார்த்தார். துடைப்பமும் சேர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

"நாலாம் நாளுல்லா சாமி" என்றார் ஆவுடையப்பன், கொஞ்சம் பெருமையாக.