பன்றியார் வெட்டிய வாய்க்கால்

மூங்கில்காட்டுக் குளத்தில் செம்மூக்கி என்றொரு நீர்க்கோழி இருந்தாள். வாயைத் திறந்தால் அவளுக்கு யானையார் காலம்தான்!

"அடடா, அவர் தலைவரா இருந்தப்போ குளம் எப்படித் தளும்பும்! சாயங்காலமானா தும்பிக்கையால தண்ணிய வாரி இறைப்பார். குஞ்சு குளுவான் எல்லாம் ஓடிப்போய் நனையும். அந்தச் சந்தோஷம் இனி வருமா?" என்று கண் கலங்குவாள்.

யானையார் மலை தாண்டிப் போய்விட்டார். அடுத்து வந்த தலைவர் காட்டுப்பன்றியார். சுத்த முரடர்! பேசினால் உறுமல், நடந்தால் நாசம். கரையை வெட்டி ஒரு வாய்க்கால் போட்டார். போடும்போது செம்மூக்கியின் கோரைப்புல் வீட்டையும் சேர்த்து மிதித்துவிட்டார். மன்னிப்பாவது கேட்டாரா? ம்ஹூம்!

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. தலைவர் பதவி இறங்கியதும் எல்லாரும் கூடித் தீர்ப்புச் சொல்வார்கள். மோசம் என்று முடிவானால், அவர் செய்த வேலையை அழித்துவிடுவார்கள்.

பன்றியார் இறங்கினார். கூட்டம் கூடியது.

"யானையாரின் கால்தூசி பெறுவாரா இவர்? வாய்க்காலை மூடுங்க!" என்று முதலில் கத்தியது செம்மூக்கிதான். முதல் மண்ணைத் தள்ளியதும் அவள்தான்.

அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. குளம் கிடுகிடுவென ஏறியது. புதுக்கூட்டில் அவளுடைய முட்டைகள்! தண்ணீர் கூட்டின் விளிம்பைத் தொட்டுவிட்டது.

"ஐயோ, என் பிள்ளைங்க!"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. யானையார் காலத்திலும் இப்படி ஒரு மழை பெய்தது. அவள் முதன்முதலாய் இட்ட முட்டைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. இதைப் போய் எப்படி மறந்தாள்? வாய்க்கால் வந்தபின் தண்ணீர் ஒருநாளும் கூடுவரை ஏறியதில்லையே!

புதரை விலக்கிக்கொண்டு பன்றியார் ஓடி வந்தார்.

"தள்ளு! தள்ளு!"

"ஐயா, மூடச் சொன்னவளே நான்தான்!"

"தெரியும். அப்புறமா வந்து திட்டு. இப்ப வழிய விடு!"

மூக்கால் முட்டி, வாய்க்காலை அடைத்திருந்த மண்ணைக் கிளறித் தள்ளினார். தண்ணீர் வடிந்தது. முட்டைகள் தப்பின. திரும்பும்போது பக்கத்துக் கோரையைத் துவம்சம் செய்துவிட்டுத்தான் போனார், அது வேறு விஷயம்!

மறுநாள் செம்மூக்கியே கூட்டத்தைக் கூட்டினாள்.

"யானையாரை நினைச்சா இன்னிக்கும் மனசு ஏங்குது. ஆனா வெள்ளத்துக்கு அவர் ஒண்ணும் செய்யலை. பன்றியார் முரடர்தான், என் வீட்டை மிதிச்சவர்தான். ஆனா என் முட்டைங்க பிழைச்சது அவராலதான். வாய்க்கால் இருக்கட்டும்!"

யாரும் மறுக்கவில்லை.

ஆட்சி செய்தவர்களை எடைபோடும்போது, நம் பிரியத்தையும் கோபத்தையும் ஒதுக்கிவைத்து, அவர்கள் செய்ததையும் செய்யாததையும் மட்டுமே பார்க்க வேண்டும்.