ஓடக்காரர் துடுப்பைக் கீழே வைத்த நாள்

முன்பு ஒரு காலம், அதில் ஒரு ராஜா. எந்த நாடு என்று கேட்காதீர்கள்; சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ஆற்றின் இந்தக் கரையில் அரண்மனை, அந்தக் கரையில் ராஜாவின் குலதெய்வம் கோயில். அது தெரிந்தால் போதும்.

ராஜாவுக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து ஒரு ஆண் குழந்தை பிறந்தது. மனிதருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "நம் நாட்டில் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கெல்லாம் மாதம் ஒரு மரக்கால் அரிசி கொடுங்கள்" என்றார். நல்ல காரியம்தான், யார் வேண்டாம் என்றது? அரிசி எங்கிருந்து வரும் என்று கேட்டபோதுதான் வம்பு பிறந்தது.

கருவூலத் தலைவர் அனந்தமூர்த்தி எழுந்தார். "பிரபு, பிள்ளை இல்லாதவர்களிடம் இரட்டை வரி வாங்கலாம். அவர்களுக்கு என்ன செலவு? பிள்ளை இல்லாதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆகவே இரட்டை வரி என்று ஆணையில் எழுதிவிடலாம்." அவருக்கு நாலு பிள்ளைகள், பேச மாட்டாரா? ராஜாவும் யோசிக்காமல் முத்திரை வைத்துவிட்டார்.

அந்த அவையில் சடையாண்டி என்று ஒரு விகடகவி. அவருக்கு ஆறு பிள்ளைகள். அவர் வீட்டுக்கும் அரிசி வந்தது, ஆனால் சோறு தொண்டையில் இறங்கவில்லை. காரணம் ஓடக்காரர் வெள்ளையன். சடையாண்டியின் மனைவிக்கு உடன்பிறந்தவன் கிடையாது. காது குத்தும்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டுமே. ஆறு பிள்ளைகளுக்கும் வெள்ளையன்தான் தாய்மாமனாக உட்கார்ந்தார். அவருக்கும் அவர் மனைவி பொன்னாயிக்கும் பிள்ளை இல்லை.

சடையாண்டி ஓடத்துறைக்குப் போனார். பொன்னாயி ஓடத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். "வெள்ளிக்கிழமை இதை எடுத்துட்டுப் போறாங்களாம் அண்ணே. ரெட்டை வரி கட்ட எங்ககிட்ட ஏது? இது போனா அப்புறம் கஞ்சிக்கு என்ன பண்றது?"

வெள்ளையனுக்கு ஆத்திரம் ஆறவில்லை. "பிள்ளைங்களுக்கு அரிசி குடுக்குறது சரிதான் மச்சான். எல்லாரும் எவ்வளவு குடுக்குறாங்களோ நானும் குடுக்குறேன். பிள்ளை வேணும்னு நானும் இவளும் ஏறாத கோயில் இல்லை. கிடைக்கலை. அதுக்குத் தண்டம் வேறயா? அக்கரைப் பள்ளிக்குப் போற பிள்ளைங்ககிட்ட இந்தக் கை ஒருநாளாவது கூலி வாங்கியிருக்கா?"

சடையாண்டி ஓடத்தின் விளிம்பில் உட்கார்ந்தார். "வியாழக்கிழமை இளவரசருக்குக் கோயில்ல காது குத்து. உங்க ஓடத்துலதான் போகணும். அன்னிக்கு ராஜாவோட ஆணையை அப்படியே நடத்துங்க மச்சான். மத்ததை நான் பாத்துக்குறேன்."

வியாழக்கிழமை ஆறு நிறையத் தண்ணீர். ராணிக்கும் உடன்பிறந்தவர் இல்லை. ஆகவே தாய்மாமன் மரியாதை தனக்குத்தான் என்று அனந்தமூர்த்தி பட்டு வேட்டி கட்டி, சீர்த்தட்டோடு முன்னால் வந்தார். ராஜாவும், கையில் குழந்தையோடு ராணியும் ஏறப் போனார்கள். வெள்ளையன் துடுப்பைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார்.

"ஏன் நிற்கிறாய்?" என்றார் ராஜா.

"மன்னிக்கணும் மகாராஜா. பிள்ளை இல்லாதவங்களுக்கும் பிள்ளைகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைன்னு உங்க ஆணை. இளவரசரை நான் எப்படி ஏத்துறது?"

"பிரபு, இது ராஜ துரோகம்" என்று அனந்தமூர்த்தி குதித்தார்.

"துரோகமா? ஆணையை எழுத்துக்கு எழுத்து மதிக்கிறவர் நாட்டில் இவர் ஒருவர்தான்" என்றார் சடையாண்டி. "ஆணைப்படி பார்த்தால் பிள்ளை பெற்றவர்தான் இளவரசருக்கு ஓடம் ஓட்ட வேண்டும். எனக்கு ஆறு உண்டு பிரபு, ஆனால் தண்ணீரைக் கண்டால் பயம். தலைவருக்கு நாலு உண்டு. முதலில் வெறும் ஓடத்தை ஓட்டிக் காட்டட்டும்."

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. ராஜா அனந்தமூர்த்தியைப் பார்த்தார். பாவம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். ஓடம் செக்குமாடு மாதிரி இருந்த இடத்திலேயே சுற்றியது. மூன்றாவது சுற்றில் தலைவர் ஆற்றுக்குள் விழுந்தார்.

வெள்ளையன் சடையாண்டியைப் பார்த்தார். "பிள்ளைகளைத்தான் தொடக்கூடாது மச்சான், தலைவரைத் தொடலாம்" என்றார் சடையாண்டி. வெள்ளையன் குதித்து, குடுமியைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தார்.

ராஜா சிரிக்கவில்லை. "சடையாண்டி, இது உன் வேலைதானே?"

"ஆமாம் பிரபு. இந்த ஆணை இரண்டு வருடம் முன்பு வந்திருந்தால், இரட்டை வரியின் முதல் மூட்டை அரண்மனையிலிருந்துதான் போயிருக்கும்."

ராணிதான் பேசினாள். "பத்து வருடமும் வேண்டுதலுக்கு என்னை அக்கரை சேர்த்தவர் இவர். இறங்கும்போதெல்லாம், 'அடுத்த வருஷம் பிள்ளையோட வருவீங்க தாயி' என்பார். இவருக்குப் பிள்ளை இல்லை என்பதே இன்றுதான் எனக்குத் தெரியும்."

ராஜாவுக்குக் கண் கலங்கியது. ஓடத்துறைக் கம்பத்தில் தொங்கிய ஆணையை எடுத்துக் கிழித்து ஆற்றில் விட்டார். "பிள்ளைகளுக்கு அரிசி நிற்காது. வரி எல்லாருக்கும் ஒன்றுதான், என் அரண்மனையும் கட்டும்" என்றார். பிறகு வெள்ளையனிடம், "என் மகனுக்குக் காது குத்த ஒரு மடி வேண்டும். தருவீர்களா?" என்று கேட்டார். வெள்ளையன் துடுப்பை எடுத்துக்கொண்டார். பொன்னாயி முந்தானையால் பலகையைத் துடைத்துவிட்டாள்.

கோயிலில் ஊசி ஏறியதும் இளவரசர் வெள்ளையனின் மீசையைப் பிடித்துக்கொண்டு வீறிட்டார். சடையாண்டி சொன்னார்: "ராணியம்மாளுக்கு அண்ணன் கிடைத்துவிட்டார் பிரபு. இனி நீங்களும் என்னைப் போல இவரை மச்சான் என்றுதான் கூப்பிட வேண்டும்." ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்துப் பதக்கத்தைக் கழற்றிச் சடையாண்டிக்குப் போட்டார். அனந்தமூர்த்தி ஈர வேட்டியோடு சீர்த்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அறுவடை முடிந்து வரிக்கு ஆள் வந்தபோது வெள்ளையன் ஓடக் கூலியாக வந்த நெல்லில் தன் பங்கை அளந்து போட்டார், எல்லாரையும் போல. பொன்னாயி அதன் மேல் இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டாள்.

"இது எதுக்கம்மா?" என்றான் வந்தவன்.

"எங்க மருமகனுக்கு" என்றாள் அவள்.