கறையான் தன் வாசலை அடைத்த கதை

மரமும் மண்ணும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், கறையானுக்கு இரண்டு கண்களும் நான்கு இறகுகளும் இருந்தன. சொன்னால் நம்பமாட்டீர்கள், மழை விட்டதும் வெயிலில் இறகை விரித்துப் போட்டுக்கொண்டு ஊர்வம்பு பேசுகிற கூட்டமாக அது இருந்தது.

பட்டுப்போன ஒரு பனையடியில் குடியிருந்தார்கள். ராஜாவும் கிடையாது, ராணியும் கிடையாது. எந்தக் காரியமானாலும் எல்லாரும் கூடுவார்கள். ஆளுக்கு ஓர் உருண்டை மண்ணை வாயில் கவ்விக்கொண்டு வருவார்கள். சரி என்பவர்கள் ஒரு பக்கம் வைப்பார்கள், வேண்டாம் என்பவர்கள் இன்னொரு பக்கம் வைப்பார்கள். எந்தக் குவியல் உயரமோ அதன்படி நடக்கும். சுவர் பூசுவதில் அந்தக் குடியிலேயே கெட்டிக்காரியான சிலம்பாயி வைத்த உருண்டைக்கும், நேற்றுப் பிறந்த பொடிசு வைத்த உருண்டைக்கும் ஒரே மதிப்புதான்.

நல்ல வழக்கம்தான். என்ன, நேரமாகும். ஒருநாள் கட்டெறும்புகள் சாரைசாரையாக வந்தன. ஓடுவதா, எதிர்த்து நிற்பதா என்று இவர்கள் கூடினார்கள். குவியல் இரண்டும் ஏறிக்கொண்டே இருந்தன, எறும்புகளும் ஏறிக்கொண்டே இருந்தன. முடிவு தெரிவதற்குள் பிள்ளைகளில் பாதியைக் காணோம். சிலம்பாயியின் மூன்று பிள்ளைகளும் அதில் போய்விட்டார்கள்.

இனிமேல் இது ஆகாது என்று ஏழு பேரைப் பொறுக்கியெடுத்து, "நீங்களே பாத்து ஒரு முடிவைச் சொல்லுங்க" என்று விட்டார்கள். ஏழு பேரும் கொஞ்ச நாள் ஒழுங்காக இருந்தார்கள். அப்புறம் நல்ல மரத்துண்டெல்லாம் அவர்கள் வீட்டுக்கே போக ஆரம்பித்தது. நாலு பேர் ஒரு கட்சி, மூன்று பேர் ஒரு கட்சி. மழை கொட்டுகிறது என்று மூன்று பேர் சொன்னால், அதெல்லாம் தூறல்தான் என்று நாலு பேர் சாதிப்பார்கள். அப்படிச் சாதித்துக்கொண்டிருந்த ஒரு நாளில் வெள்ளம் வந்து பாதிக் குடியை அடித்துக்கொண்டு போயிற்று.

அன்றைக்கு யாரையும் கேட்காமல் பொடிசுகளை ஒவ்வொன்றாக மேட்டுக்கு இழுத்துப் போட்டவள் சிலம்பாயியின் தங்கை வெள்ளாயி. அதிகம் பேசமாட்டாள். தண்ணீர் வடிந்ததும் மிச்சமிருந்த அத்தனை பேரும் அவளிடம் வந்தார்கள். "நீ சொல்லு தாயி, நாங்க செய்யறோம்" என்றார்கள்.

"எனக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு?" என்று வெள்ளாயி அக்காவைப் பார்த்தாள். "நீ என்னக்கா சொல்றே?"

"ஒத்துக்கோடி" என்றாள் சிலம்பாயி. "இவுக பேச்சை நம்பிப் பறிகொடுத்தது போதும்."

வெள்ளாயி நன்றாகத்தான் ஆண்டாள். அதை மறைப்பதற்கில்லை. எறும்பு வருகிறது என்றால் ஒரே வார்த்தை, எல்லாரும் ஓடினார்கள், எல்லாரும் பிழைத்தார்கள். கெட்டது எதுவென்றால், அந்தச் சுகம் பழகிவிட்டது. இந்தக் குச்சியைத் தின்னலாமா, அந்தப் பக்கம் நடக்கலாமா என்பதற்கெல்லாம் அவளிடமே வந்து நின்றார்கள். "இதைக்கூடவா என்கிட்ட கேக்கணும்? நீங்களா முடிவு பண்ணுங்களேன்" என்று அவள் அலுத்துக்கொண்டாள். யாரும் அசையவில்லை. யோசிப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது அதை விட்டபிறகுதான் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒருநாள் பனையடிக்கு ஓணான் ஒன்று வந்தது. வெள்ளாயி மயிரிழையில் தப்பினாள். காவலுக்கு இருந்த கடுவாயன், பெரிய தாடையும் பெரிய குரலும் உள்ளவன், எல்லாரையும் கூட்டினான்.

"நாளைக்கு ராணிக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா நம்ம கதி என்ன? உள்ளே ஒரு அறை கட்டி அவுகளைப் பத்திரமா வைக்கணும்."

சிலம்பாயிதான் அறையைக் கட்டினாள். தங்கைக்கு என்பதால் சுவரை வழவழவென்று பூசினாள், வாசலை அகலமாக விட்டாள். வெள்ளாயி உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்குக்கா" என்றாள்.

கடுவாயன் வாசலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "இவ்வளவு பெரிய வாசல் இருந்தா அறை எதுக்கு? அடைச்சிரலாம். ஆகாரம் கொண்டுபோக அடியில ஒரு சந்து போதும்."

"அடைக்கக் கூடாது" என்று உள்ளிருந்து வெள்ளாயி சொன்னாள். அவள் சொல்லை அவர்கள் கேட்காதது அதுதான் முதல் தடவை. அவளுடைய நன்மைக்காகத்தானே என்றார்கள். பழைய வழக்கப்படியே மண் வைத்துப் பார்த்துவிடலாம் என்றான் கடுவாயன். "வாசல் இருக்கட்டும்னு சொல்றவுக அந்தா தெரியுதே, அந்தக் கல்லுகிட்ட வைங்க. அடைக்கணும்கிறவுக இங்கே வைங்க" என்று வாசற்படியையே காட்டினான்.

எல்லாரும் வந்தார்கள், வைத்தார்கள். பல நாளாக எதையும் தீர்மானித்துப் பழக்கமில்லாதவர்கள், முன்னால் போனவன் எங்கே வைத்தானோ அங்கேயே வைத்தார்கள். ஈர மண்மேல் ஈர மண் ஒட்டி, குவியல் அப்படியே சுவராக எழும்பியது. சிலம்பாயி கடைசியாக வந்தபோது ஓர் உருண்டை அளவுக்குத்தான் இடைவெளி இருந்தது. அதற்குள் தங்கையின் ஒரு கண் தெரிந்தது.

"அக்கா, நீ கல்லுப் பக்கம் வையிக்கா."

சிலம்பாயி திரும்பிப் பார்த்தாள். கல்லடியில் நாலைந்து உருண்டைகள் கிடந்தன. கட்டெறும்பு கொண்டுபோன பிள்ளைகளின் முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது. இவளும் போய்விட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள் என்று பயந்தாள்.

"கொஞ்ச நாளைக்குத்தாண்டி. நான் பூசின சுவருதானே, நானே உடைச்சு விடுறேன்" என்று சொல்லி, உருண்டையை அந்த இடைவெளியில் வைத்தாள். தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. விளிம்பைத் தடவி மேடு பள்ளம் தெரியாமல் பூசியும் விட்டாள்.

பிறகு சந்து வாசலில் கடுவாயன் நின்றுகொண்டான். அக்காவாயிற்றே என்றுகூடச் சிலம்பாயியை உள்ளே விடவில்லை. உத்தரவுகள் மட்டும் வெளியே வந்தன. வெளிச்சம் ஆகாது, எல்லாரும் மண்கூரைக்கு அடியில்தான் நடக்கவேண்டும் என்று ராணி சொல்கிறாள். நடந்தார்கள். இறகு சுவரில் முட்டுகிறது, கடித்து எறியச் சொல்கிறாள். எறிந்தார்கள். இருட்டிலேயே கிடந்து, வருஷம் போகப் போக ஒவ்வொருவர் கண்ணும் மங்கிக்கொண்டே வந்தது.

ஆகாரம் கொண்டுபோகிறவள் செத்துப்போன ஒருநாள், சிலம்பாயி அந்தக் கவளத்தைக் கவ்விக்கொண்டு உள்ளே நுழைந்தாள். கண் மங்கிய கடுவாயனுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. அவளுக்கும் கண் தெரியவில்லை. தடவிக்கொண்டே போனாள். தங்கையின் உடம்பு முடிகிற பாடாக இல்லை. முட்டை இட்டு இட்டு, அறை முழுவதும் அவளாகவே பெருத்திருந்தாள்.

"ஏண்டி வெள்ளாயி, வெளிச்சமே ஆகாதுன்னு ஏண்டி சொன்னே?"

"நான் சொன்னேனா?" என்றாள் வெள்ளாயி. "நீங்க எல்லாரும் கூடி மண்ணு வச்சு அப்படித்தான் வேணும்னு கேட்டீகன்னுல கடுவாயன் சொன்னான். இங்கே உக்காந்துக்கிட்டு வெளியே என்ன நடக்குதுன்னு எனக்கு என்னக்கா தெரியும்?"

சிலம்பாயி அழுதாள். அழுதுகொண்டே வாசல் இருந்த இடத்தைக் கடித்தாள். சுவர் கல்லாக இறுகியிருந்தது. அப்படியும் கடித்துப் பெயர்த்தாள். "வா, போயிரலாம்" என்றாள்.

வெள்ளாயி கால்களை உதைத்துப் பார்த்தாள். தரை எட்டவில்லை.

"என்னால இனிமே ஆகாதுக்கா. என் பிள்ளைகள்ல சிலதுக்கு இன்னும் கண்ணும் றெக்கையும் இருக்கு. அதுகளையாவது வெளியே அனுப்பு. எங்கேயாவது போயி, வாசல் வச்சு நல்லபடியாப் பிழைக்கட்டும்."

முதல் மழை பெய்து விட்ட சாயங்காலம் சிலம்பாயி புற்றின் உச்சியில் ஓட்டை போட்டாள். பிள்ளைகள் அவளைத் தாண்டித் தாண்டிப் பறந்தார்கள். அவளால் பார்க்க முடியவில்லை, இறகுச் சத்தத்தை மட்டும் கேட்டாள். பாதிப் பேரைக் காக்கையும் கரிச்சானும் கொத்திக்கொண்டு போவதும் கேட்டது. மிச்சப் பேராவது பிழைத்தார்களே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அப்போது பக்கத்தில் இரண்டு பேர் தரையிறங்கினார்கள். இறகுகள் உதிர்ந்து விழும் ஓசை கேட்டது. மண்ணைத் தோண்டினார்கள், உள்ளே போனார்கள். அதன்பிறகு கேட்ட சத்தம் இன்னதென்று சிலம்பாயிக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. உள்ளே இருந்தபடியே வாசலை மண்ணால் பூசிக்கொண்டிருந்தார்கள். "அடைக்காதீகடா" என்று கத்தினாள். பிறந்ததிலிருந்து வாசல் என்று ஒன்றைப் பார்த்தறியாத பிள்ளைகள், அவள் எதைச் சொல்கிறாள் என்றே புரியாமல் பூசி முடித்தார்கள்.

கறையான் கண்ணில்லாமல் மண்கூரைக்குள் நடப்பதும், அதன் ராணி அசைய முடியாமல் அறைக்குள் கிடப்பதும், மழைக்கு மறுபொழுது பறக்கிற ஈசல் ஒரே பொழுதில் தன் இறகைத் தானே உதிர்த்துவிட்டு முதல் வேலையாக வாசலை அடைத்துக்கொள்வதும் அன்று தொடங்கியதுதான்.